டெலவேர் போட்ட பூட்டு: அரசமைப்பு மாநாட்டுக்கு வரம்பு கட்ட முடியுமா?

அமெரிக்க அரசமைப்பின் 5ஆம் உறுப்பின் கீழ் 34 மாநிலங்கள் கோரினால் திருத்த மாநாடு கூட்டப்பட வேண்டும். அத்தகைய மாநாடு கைமீறிப் போகாது, பேராளர்களுக்கு மாநிலச் சட்டமன்றம் தரும் ஆணையே போதிய கடிவாளம் என்று ஒரு சாரார் வாதிட்டு வருகின்றனர். வரம்பு மீறும் பேராளரின் செயலைக் குற்றமாக்கி இண்டியானா 2013இல் சட்டமே இயற்றியது. இத்தரப்பு 1787ஆம் ஆண்டின் பிலடெல்பியா மாநாட்டையும் தனக்குத் துணையாகக் கொள்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் விரிந்த அதிகாரம் வழங்கியிருந்தன, ஆகவே மீறல் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது அதன் வாசிப்பு. அந்த வாசிப்பு டெலவேரின் ஆணையில் முட்டி நின்றுவிடுகிறது.

1787 பிப்ரவரி 3ஆம் நாளிட்ட அந்த ஆணை, பழைய கூட்டமைப்பு விதிகளின் ஐந்தாம் பிரிவில் ஒரு வாசகத்தைச் சுட்டி, அதில் கைவைக்கக் கூடாது என்கிறது. கூட்டமைப்புப் பேரவையில் எப்பொருளை முடிவு செய்தாலும் மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்பதே அவ்வாசகம். இந்த நிபந்தனையை வேண்டியவர், டெலவேரின் பேராளராக மாநாட்டுக்குச் சென்ற ஜார்ஜ் ரீட். பேராளர்களின் கைகளைச் சட்டமன்றம் இவ்வாறு கட்டிவைப்பது நல்லது என்று சனவரி 17 அன்று, பின்னர் சக பேராளரான ஜான் டிக்கின்சனுக்கு அவர் எழுதினார். மே 25 அன்று மாநாட்டில் ஆணைகள் படிக்கப்பட்டபோது இத்தடை அவையின் கவனத்துக்கு வந்ததை, பேராளர்களுள் ஒருவரான மேடிசனின் குறிப்புகள் பதிவு செய்கின்றன. மே 30 அன்று, வாக்குரிமையை மாற்றினால் தாங்கள் வெளியேற நேரலாம் என்று ரீட் எழுந்து சொன்னார். ஆணை பேராளரைப் பிணைக்கும் என்பதில் அன்று அவருக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு நடந்தது என்ன? செப்டம்பர் 17 அன்று புதிய அரசமைப்பில் ரீட் கையொப்பமிட்டார். உடல்நலம் குன்றி ஊர் திரும்பிவிட்ட டிக்கின்சனுக்காகவும், அவர் எழுத்தில் கேட்டுக்கொண்டபடி, ரீடே கையொப்பமிட்டார். பூட்டைக் கேட்டுக் கடிதம் எழுதியவர், அதைப் பெற்றவர் ஆகிய இருவர் பெயரும் ஒரே கையால், பூட்டைத் திறந்த ஆவணத்தில் பதிந்திருக்கின்றன.

செனட்டில் சமநிலை கிடைத்ததால் ஆணையின் நோக்கம் நிறைவேறியது என்பது வழக்கமான விடை. அதில் ஓரளவு நியாயம் உண்டு. அந்தச் சமநிலையைத் தந்த சூலை 16 சமரசத்தில் டெலவேர் ஆதரவாகவே வாக்களித்தது. ஆனால் ஆணை காத்தது எந்த முடிவிலும் சமவாக்கு என்பதை. புதிய அமைப்பில் பிரதிநிதிகள் அவையின் தொடக்க 65 இடங்களில் டெலவேருக்குக் கிடைத்தது ஒன்று; வர்ஜீனியாவுக்குப் பத்து. அந்த அவையின் இசைவின்றி எந்தச் சட்டமும் இல்லை. செனட்டிலும் வாக்கு மாநிலத்துக்கன்று, உறுப்பினருக்கே. நோக்கம் பாதி தப்பியது என்று சொல்லலாம். ஆணை காக்கப்பட்டது என்று சொல்ல முடியாது.

டெலவேர் மனமுவந்து ஏற்றதே என்பர். உண்மைதான்: டிசம்பர் 7 அன்று முப்பது வாக்குகளும் ஆதரவாக விழ, முதல் மாநிலமாக அது ஒப்புதல் தந்தது. எனக்கு இதுவே கவலை தருகிறது. விளைவு பிடித்துப்போனால் மீறலைக் கேட்பாரில்லை. அப்படியானால் ஆணையின் உயிர் விளைவின் கையில் இருக்கிறது.

இன்று திருத்தம் நிறைவேறத் தேவையான 38 மாநிலங்களின் ஒப்புதல் அரணாக நிற்கும் என்ற வாதத்துக்கு அதிக விடை தேவையில்லை. பழைய விதிகளின்படி திருத்தத்துக்கு 13 சட்டமன்றங்களும் இசைய வேண்டியிருந்தது. ஒன்பது மாநில மாநாடுகள் போதும் என்று பிலடெல்பியாவே மாற்றி எழுதியது.

ஒரு சிறு மாநிலத்தின் ஒரு நிபந்தனையிலிருந்து பொதுவிதி வகுப்பது பிழையாகலாம். ஆயினும் அன்றைய ஆணைகளில் ஒரு வாசகத்தையே சுட்டித் தடுத்தது இதுதான். எழுதியவர் தெளிவாக எழுதினார், ஏந்திச் சென்றவர் தெளிவாகப் புரிந்திருந்தார். அப்படியும் மாநாடு தொடங்கியபின் நான்கு மாதம்கூட அது தாங்கவில்லை. இன்றைய தண்டனைச் சட்டங்களை நம்பி மாநாட்டைக் கூட்டச் சொல்பவர்கள், ரீடின் இரண்டு கையொப்பங்களுக்கு முதலில் விளக்கம் தர வேண்டும்.