திரும்பப் பிடிக்கிற தூள்

சாதாரணதரத்தில் செய்த அந்தப் பரிசோதனை எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஐதரசன் பரவொட்சைட்டுக்குள் கறுப்பு மங்கனீசு ஈரொட்சைட்டைக் கொஞ்சம் போட, நுரைச்சுக்கொண்டு ஒட்சிசன் வரும். "தாக்கத்தின் முடிவில் ஊக்கி மாறாமல் இருக்கும்" என்று எழுதிப் புள்ளியும் எடுத்தோம். பிறகு சோதனைக்குழாயைக் கவிழ்த்துக் கழுவினோம். மாறாத ஊக்கி கானுக்குள் போனது.

கலைப்பீடத்துக்கு வந்து வரலாறு படிக்கிற நேரம்தான் விளங்குது, ஊக்கிகளின் கதையில் பாதி இந்தக் கழுவல்தான்.

1835இல் சுவீடனின் பேர்சீலியஸ் இந்த வினைக்குப் பெயர் வைத்தார். 1897இல் பிரான்சின் சபாத்தியே, நிக்கல் தூள் இருந்தால் சேதனச் சேர்வைகளில் ஐதரசனை ஏற்றலாம் என்று காட்டினார். 1902இல் ஜெர்மனியின் நோர்மன் அதே வழியில் எண்ணெயைக் கட்டியாக்கக் காப்புரிமை எடுத்தார். மாஜரின் தொழில் அதில் பெருத்தது. ஆனா எண்ணெயிலிருந்து நிக்கலை வடிகட்டியாகணும். தூள் நுண்மையாக நுண்மையாக வேலை கூடும், பிடிக்கிறது கஷ்டமாகும். ஒரு சென்ரிமீற்றர் கனக்கட்டியை 10 நனோமீற்றர் கட்டிகளாக வெட்டினால், 6 சதுர சென்ரிமீற்றர் மேற்பரப்பு 600 சதுர மீற்றராகிவிடும். அந்தச் சிறுசை எந்த வடிதாள் பிடிக்கும்?

பிடிக்கக்கூடிய பொருள் வேறொரு தேவைக்காகப் பிறந்தது. 1963இல் நாசாவின் பாப்பெல், எடையில்லாத இடத்தில் ரொக்கற் எரிபொருளைக் காந்தத்தால் இழுக்கலாம் என்று, மக்னற்றைற் என்ற இரும்பு ஒட்சைட்டை நுண்ணியதாய் அரைத்துக் கலந்தார். 1981இல் பிரான்சின் மசார் இரும்பு உப்புகளைக் காரத்தில் சேர்த்து அதே துகளை நேரடியாகவே செய்தார். காந்தம் கிட்ட வந்தால் இந்தத் துகள் இழுபடும். காந்தத்தை எடுத்தால் பழையபடி பரவும்.

1998இல் அனஸ்தாசும் வார்னரும் பசுமை இரசாயனத்தின் 12 கொள்கைகளை எழுதினார்கள். 2009இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தில் வேலை செய்த போல்ஷெட்டிவார், பருவாதி, வர்மா மூவரும், எங்கட உடம்புக் கலங்களில் உள்ள குளூட்டாத்தயோனை இப்படியான துகளில் ஒட்டி ஊக்கியாக்கினார்கள். தாக்கம் முடிய வெளியே ஒரு காந்தம். தூள் சுவரோடு ஒதுங்கும். திரவத்தை ஊற்றி, தூளைக் கழுவி, திரும்பப் பாவிக்கலாம்.

இது மந்திரமில்லை. துகளில் உலோகத்தை ஒட்டியிருந்தால் அது மெல்ல மெல்லக் கழன்று கரைசலில் கலக்கலாம். அதனால் "பசுமை" என்று ஆராவது சொன்னால் நாம் கேட்கவேண்டியது: எத்தனை தரம் திரும்ப எடுத்தீங்க? மிச்சம் எங்க போனது?

மட்டக்குளிக்காரருக்கு இந்தக் கேள்வி தூரத்துக் கேள்வியில்லை. களனி கங்கை கடலில் விழுவது எங்கட பக்கத்தில்தான். மேலே ஊற்றுறது இதால்தான் போகும். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது, வடக்கே சரக்குவக் கரையில் ஆட்கள் மண்ணை அரிச்சு அரிச்சு பிளாஸ்ரிக் மணிகளைப் பொறுக்கியதைப் பார்த்தோம். கடலுக்குள் போனதை இழுக்கக் காந்தம் இல்லை. குடுவைக்குள் இருக்கும்போதே பிடிக்கணும்.