தோட்டப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை: ஊவாவின் மலையக மாணவருக்குத் துணைநிற்போர் பெற்ற பயிற்சி

ஊவாவின் ஹல்துமுல்லைப் பிரதேசத் தோட்டங்களில் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்களைப் பயிற்றுவிப்பதை நெடுங்காலமாக எவரும் தம் பொறுப்பாகக் கொள்ளவில்லை. 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் கடமையை 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துரைமார் மீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டுச் சட்டமும் அதே வழியில் சென்றது. கற்பிப்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் நிர்வாகத்தின் விருப்பத்துக்கே விடப்பட்டது. ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி: லயம் எனும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளை கண்ட பள்ளிக்கூடம் பெரும்பாலும் இதுதான்.

1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தது; தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அப்பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றவர்களாக்கியது. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் விடுபட்டன. தோட்டங்களை அரசுடைமையாக்கிய காணிச் சீர்திருத்தத்தின் பின், 1970களின் பிற்பகுதியில்தான் அவை கட்டங்கட்டமாக அரசின் கைக்கு வந்தன. ஆசிரியர் பயிற்சி என்ற பேச்சுக்கு அதன் பிறகே இடம் பிறந்தது.

1980களில் தோட்டச் சமூகத்திலிருந்தே இளைஞரும் யுவதிகளும் ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டனர். பலர் பயிற்சியின்றியே வகுப்புக்குள் நுழைந்தவர்கள். சுவீடனின் அபிவிருத்தி உதவி நிறுவனமான சீடா தோட்டப் பாடசாலைகளின் கட்டடங்களுக்கும் ஆசிரியர் மேம்பாட்டுக்கும் உதவியது. வேலையில் இருந்தபடியே பயில வழிசெய்த தொலைக்கல்வி முறையும் அக்காலத்தில் வளர்ந்தது. 1990களில் ஜெர்மனியின் உதவியோடு கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி உருவானது. மலையகத்துக்குக் கிடைத்த கல்வி நிறுவனங்களில் மிகப் பெறுமதியானது அதுவே. மலையகச் சமூகத்துக்கு அதன் சொந்த மலையிலேயே கல்லூரி அமைந்தது.

ஆனால் ஆசிரியர் வெற்றிடம் முற்றாக நிரம்பவில்லை. 2010களின் நடுவில் சுமார் 3,000 பேர் ஆசிரிய உதவியாளர்களாகத் தோட்டப் பாடசாலைகளுக்குச் சேர்க்கப்பட்டனர். தொடக்கத்தில் மாதம் 6,000 ரூபாயும் பின்னர் 10,000 ரூபாயும் கொடுப்பனவாகக் கிடைத்தன. பயிற்சியை முடித்தால்தான் ஆசிரியர் சேவையில் நிரந்தர இடம். அத்தொகையில் பஸ் கட்டணமும் சாப்பாடும் போக மிஞ்சியது சொற்பம். அந்த நிலையில் கற்பித்துக்கொண்டே கற்றவர்களின் உழைப்பை வரலாறு போதிய அளவு பதிவுசெய்யவில்லை.

ஆசிரியரின் பணி பாடத்தோடு முடிவதில்லை என்பதை 2014 அக்டோபர் 29 காட்டியது. அன்று காலை ஹல்துமுல்லைப் பிரதேசத்தின் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் புதைந்தன. பள்ளிக்குப் புறப்பட்டுவிட்டதால் தப்பிய பிள்ளைகள் பலர், பெற்றோரை இழந்து நின்றனர். கொஸ்லந்தை ஸ்ரீ கணேசா தமிழ் வித்தியாலயமும் பூனாகலைத் தமிழ்ப் பாடசாலையும் இடம்பெயர்ந்தோரின் தங்குமிடங்களாயின. உளவளத் துணை, இழப்பின் பின் கற்றல் ஆகியவை ஆசிரியர் பயிற்சியின் ஓரத்தில் வைக்கத்தக்க விடயங்கள் அல்ல.

பல்கலைக்கழக வாசலில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. அனுமதியில் 40 சதவீதம் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டது. பதுளையும் பின்தங்கிய மாவட்டமாகக் கணிக்கப்பட்டது. ஆனால் ஒதுக்கீடு மாவட்டத்துக்கு உரியது. லயத்துப் பிள்ளையும் நகரப் பாடசாலைப் பிள்ளையும் அதே பட்டியலில் போட்டியிடுகின்றனர். தனி முகவரி இல்லாத லயங்களுக்குக் கடிதம் தோட்ட அலுவலகம் வழியே வருவதுதான் வழக்கம். நேர்முகத்துக்கான அறிவித்தல் அலுவலக மேசையில் கிடந்து தாமதமானால் ஒரு வாய்ப்பே கைநழுவிவிடும். இத்தகைய நிலையை அறிந்த ஒருவர் வளாகத்தில் இருப்பது மாணவருக்குப் பெரும் பலம்.

அமெரிக்காவில் இதே தேவை வேறு வடிவில் எழுந்தது. மாணவரில் நான்கிலொரு பங்கினராவது லத்தீனோக்களாக (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினராக) உள்ள கல்லூரிகளுக்கு 1992இல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. வெறும் எண்ணிக்கை போதாது, அம்மாணவரின் குடும்பம், மொழி, பணநெருக்கடி ஆகியவற்றைப் புரிந்துகொண்ட ஆலோசகரும் நிர்வாகியும் வேண்டும் என்ற வாதம் அங்கு வலுத்தது. அதற்கேற்பப் பட்டப்பின் படிப்புகளும் உருவாயின.

இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழகம் 1997இல் ஊழியர் அபிவிருத்தி நிலையத்தைத் தொடங்கியது. விரிவுரையாளரின் கற்பித்தல் திறன் அதன் முக்கிய அக்கறை. திறந்த பல்கலைக்கழகம் உள்ளிட்டவற்றின் பட்டப்பின் கல்வி டிப்ளோமா பாடசாலை ஆசிரியரை மையமாகக் கொண்டது. மாணவர் ஆலோசனைப் பொறுப்பு பெரும்பாலும் விரிவுரையாளரின் மேலதிகச் சுமையாகவே இருக்கிறது. 2005இல் பதுளையில் உருவான ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், தோட்டங்களுக்கு அருகில் இருப்பதால், மாணவர் ஆலோசகருக்கான பட்டப்பின் கற்கைநெறியொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் தொடங்க மிகப் பொருத்தமான இடம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை முன்னெடுக்க வேண்டும்.