பால்கனியில் ஒரு கஞ்சா செடி வளர்த்தால் என்ன தண்டனை?

"ஒரே ஒரு தொட்டி. மண்புழு உரம்தான் போடுறேன். யாருக்கும் விற்கலையே!" இந்த மூன்று வாதமும் 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் முன் நிற்காது.

பலரும் குழம்புவது எடையில்தான். 1 கிலோவுக்குள் கஞ்சா கையில் இருந்தால் அது 'சிறிய அளவு'. அதிகபட்சம் 1 ஆண்டு சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனா செடி வளர்ப்பதற்கு இந்த எடைக் கணக்கே கிடையாது. ஒரு தொட்டியோ, ஒரு ஏக்கரோ, 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆமாம், பொட்டலம் வைத்திருப்பவரைவிட செடி வைத்திருப்பவருக்குத்தான் சட்டத்தில் ஆபத்து அதிகம்!

பூவைப் பறித்து நிழலில் உலர்த்தினால்? செடியிலிருந்து அதைப் பிரிப்பதே சட்டப்படி 'உற்பத்தி'. அது இன்னொரு குற்றம். வாடகை வீடு என்றால், தெரிந்தே அனுமதித்த ஹவுஸ் ஓனரும் சிக்குவார்.

பூ சேராத இலையும் விதையும் 'கஞ்சா' என்ற வரையறைக்குள் வராது. வட இந்தியாவில் பாங் கடைகள் நடப்பது இந்த இடைவெளியில்தான். ஹெம்ப் விதையை உணவாக விற்க 2021-ல் எஃப்எஸ்எஸ்ஏஐ அனுமதித்தது. வாங்கிச் சாப்பிடலாம், தொட்டியில் ஊன்றினால் மேலே சொன்ன பிரிவு வந்துவிடும்.

உத்தராகண்டில் உரிமம் தர்றாங்களே? உண்மைதான், 2018 முதல். ஆனா அது போதை தரும் டிஹெச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டாத ஹெம்ப் ரகத்துக்கு, நார், விதை போன்ற தொழில் தேவைக்கு.