ஆட்டைக் காத்துப் புல்லை விட்ட சட்டம்

சங்கப் பாடல்கள் வருடை என்று சொல்லும் வரையாட்டை, நீலகிரிக்கு வந்த ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் ‘ஐபெக்ஸ்’ என்று அழைத்தார்கள். ஐபெக்ஸ் இமயத்திலும் அதற்கு அப்பாலும் வாழ்வது. வரையாடோ மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது. 2005இல் வெளியான மரபணு ஆய்வு அதைச் செம்மறிக்கு நெருங்கிய உறவென்று காட்டியது. பெயரில் நேர்ந்த பிழையாவது சிறியது. அந்த விலங்கு நின்ற நிலத்தைப் பார்த்த பார்வையில்தான் பெரிய பிழை நேர்ந்தது.

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். அன்றைய மேல்மலையில் பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் சோலை, சரிவுகளில் புல். உறைபனி விழும் சரிவில் சோலை மரத்தின் கன்று பிழைப்பது அரிது. புல்லுக்கு அந்தப் பனி பழக்கம். அங்கே மலையின் பழங்குடிகளான தோடர்களின் எருமைகள் மேய்ந்தன. தோடர்களின் நில உரிமைக்காகச் சல்லிவன் வாதாடியது உண்மைதான். ஆனாலும் பயிரோ மரமோ இல்லாத சரிவு அரசாங்கக் கணக்கில் தரிசாகவே நின்றது. ஊட்டி வளர வளர விறகுக்காகச் சோலைகள் வெட்டுப்பட்டன. விறகுத் தட்டுப்பாட்டுக்கு மருந்தாக 1840களில் ஆஸ்திரேலியாவின் சீகையும் கற்பூர மரமும் நடப்பட்டன.

துப்பாக்கியும் ஓயவில்லை. வேட்டைக்கு விலங்கு அருகிவருவதைக் கண்டு முதலில் கவலைப்பட்டவர்கள் வேட்டைக்காரர்களே. 1877இல் அவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள்; 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் சுடக்கூடாது, குறிப்பிட்ட மாதங்களில் எவரும் சுடக்கூடாது என்பது ஏற்பாடு. கடமான், வரையாடு, காட்டுக்கோழி ஆகியவை அந்தப் பாதுகாப்பைப் பெற்றன. வரையாட்டைத் தின்னும் புலிக்கும் சிறுத்தைக்கும் பட்டியலில் இடமில்லை. மீன் விஷயம் இன்னும் வேடிக்கை: பின்னாளில் இம்மலை ஓடைகளில் அக்கறையோடு வளர்க்கப்பட்டது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டிரவுட்.

இந்தச் சட்டத்தை வேட்டைக்காரர்களின் சுயநலம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது முழு உண்மையாகாது. அடுத்த சீசனுக்கும் ஆடு வேண்டும் என்று நினைத்தவர்களால்தான் அந்த ஆடு அன்று தப்பியது. அவர்கள் கவலை ஆட்டின் தலையை எண்ணுவதோடு நின்றது. அது மேய்ந்த புல்லுக்குச் சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. 1856இல் ஹியூ கிளெக்ஹார்னைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய சென்னை மாகாண வனத்துறைக்கும் காடு என்றால் மரம்தான். 1882இன் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளுக்கு எல்லை வகுத்தபோது, புல்வெளி மரம் நடக் காத்திருக்கும் வெற்றிடமாகவே அதற்குள் வந்தது.

விடுதலைக்குப் பிறகு இந்தப் பார்வை மாறவில்லை, வேகம்தான் கூடியது. தோல் பதனிடப் பட்டை தரும் சீகையும் விஸ்கோஸ் ஆலைக்கான கற்பூர மரமும் மேல்மலைச் சரிவுகளில் பரவின. 1963இல் ஈ.ஆர்.சி. டேவிதார் நீலகிரியின் வரையாடுகளைக் கணக்கெடுத்தபோது, ஆடு மேற்கு விளிம்பின் செங்குத்துப் பாறைகளை ஒட்டி ஒதுங்கியிருந்தது. 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டு வேட்டையை அடியோடு தடுத்தது. 1982இல் நீலகிரியின் முக்குருத்தி சரணாலயமாகி, பின்னர் தேசியப் பூங்காவானது, பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். ஆட்டுக்கும் அது நிற்கும் புல்லுக்கும் சேர்த்து எல்லை போடப்பட, 1879இலிருந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

இப்போது சீகையை வெட்டிப் புல்லை மீட்கும் வேலை நடக்கிறது. வெட்டிய இடத்திலேயே அது மறுபடி முளைக்கிறது, ஏனென்றால் அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தோடர்களோ தங்கள் கோயில் கூரைக்கு வேண்டிய சதுப்பு நிலப் புல்லைத் தேடி, முன்னைவிடத் தொலைவு நடக்கிறார்கள்.