ஆலை நின்ற ஊர்



வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருகின்றன. எந்த ஆண்டில் எந்தக் கோட்டை விழுந்தது என்று வகுப்பில் கேட்கிறோம், பிள்ளைகளும் சொல்லிவிடுகிறார்கள். ஆனால், ஓர் ஆலை மூடப்பட்ட மறுநாள் காலையில் அந்த ஊர் மக்கள் எழுந்து என்ன செய்தார்கள் என்று எந்தப் பாடநூலும் கேட்பதில்லை. அதைக் கேட்டு, எண்ணி, அளந்து எழுதி வைத்த நூல் ஒன்று உண்டு. அந்த நூலுக்குப் பொருளான ஊரைத்தான் இன்று நாம் காணப் போகிறோம்.

ஆஸ்திரியா நாட்டின் தலைநகர் வியன்னா. அதற்குத் தென்கிழக்கே, இரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தொலைவில், கிராமட்நாய்சீடல் என்னும் சிற்றூர் இருக்கிறது. அதை ஒட்டிய ஆலைக் குடியிருப்புக்கு மரியன்தால் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே ஒரு நூற்பாலை எழுந்தது. ஆலைக்காகத் தொழிலாளர் வந்தனர். தொழிலாளருக்காக வீடுகள் கட்டப்பட்டன. மாடியில்லாத, ஒரே அச்சில் வார்த்த, நீண்ட வரிசை வீடுகள். நம் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு அவற்றை நாம் வருணிக்க வேண்டியதில்லை. பாட்டன் வேலை செய்த ஆலையில் தந்தை வேலை செய்தார். தந்தை வேலை செய்த ஆலையில் மகன் சேர்ந்தான். நூற்பு, நெசவு, சலவை, துணியில் அச்சிடுதல் ஆகிய எல்லாம் அங்கேயே நடந்தன.

அப்படிப்பட்ட ஆலை ஏன் நின்றது? 1920-களில் அது மவுட்னர் குழுமம் என்னும் பெரிய துணித்தொழில் நிறுவனத்தின் கையில் இருந்தது. ஈசிடோர் மவுட்னர் பழைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் நாட்களில் பல மாகாணங்களிலும் ஆலைகளை வாங்கிச் சேர்த்தவர். 1918-இல் பேரரசு சிதறியது. ஒரே சந்தையாக இருந்த நிலம் பல நாடுகளாயிற்று; ஒவ்வொரு நாடும் சுங்க வேலி போட்டுக்கொண்டது. குடும்பம் சிறுத்தால் உலைப்பானையும் சிறுக்க வேண்டும் அல்லவா? குழுமம் அப்படிச் செய்யவில்லை. வங்கிக் கடனை நம்பிப் பெரிய பானையையே அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தது. கடன் கொடுத்த போடன் கிரெடிட் அன்ஸ்டால்ட் என்னும் வியன்னா வங்கியும், கொடுத்தது மூழ்கிவிடக் கூடாதே என்று மேலும் மேலும் கொடுத்தது. 1929 அக்டோபரில் அந்த வங்கியே கவிழ்ந்தது. அரசு அதைக் கிரெடிட் அன்ஸ்டால்ட் என்னும் மற்றொரு வங்கியின் தலையில் கட்டியது. 1931 மே மாதத்தில் அதுவும் தள்ளாடியது. அந்த அதிர்ச்சி ஐரோப்பா முழுவதையும் உலுக்கியது. மேலே இருந்தவர்கள் போட்ட கணக்கு இது. தறியில் நின்ற பெண்ணுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

மரியன்தாலில் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. 1929 ஜூலையில் நூற்புப் பிரிவு நின்றது. ஆகஸ்டில் அச்சுப் பிரிவு, செப்டம்பரில் சலவைப் பிரிவு. 1930 பிப்ரவரியில் தறிகளும் நின்றன. பிறகு ஆலையைப் பெயர்த்தெடுக்கும் வேலை மட்டும் சிலருக்குக் கிடைத்தது. தம் தந்தையரும் தாமும் உழைத்த சுவர்களைத் தம் கையாலேயே இடித்தார்கள். வீட்டுச் சன்னலைத் திறந்தால், இடிந்த சுவரும் நசுங்கிய கொதிகலனும் எதிரே கிடந்தன.

அந்த வேளையில் வியன்னாவில் பவுல் லாசர்ஸ்பெல்டு என்னும் இளம் ஆய்வாளர், தொழிலாளர் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று ஆராய எண்ணினார். சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஒட்டோ பாவரிடம் இதைச் சொன்னபோது, ஊரெங்கும் வேலையில்லாமல் இருக்கும்போது ஓய்வு நேர ஆராய்ச்சி எதற்கு என்று அவர் கடிந்துகொண்டாராம். மரியன்தாலுக்கு வழி காட்டியவரும் அவரே. லாசர்ஸ்பெல்டு, மரீ யாகோடா, ஹான்ஸ் சைசெல் ஆகிய மூவரும் தம் குழுவினரோடு 1931-ஆம் ஆண்டின் இறுதியில் பணியைத் தொடங்கினர். லோத்தே டான்சிங்கர் என்னும் பெண்மணி அவ்வூரிலேயே சில வாரங்கள் தங்கினார். அவர்கள் தமக்குத் தாமே ஒரு விதி வைத்துக்கொண்டனர். வேடிக்கை பார்க்க எவரும் ஊருக்குள் போகக் கூடாது. போகிறவர் ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையோடு போக வேண்டும். ஆகவே பழைய உடைகளைச் சேகரித்துக் கொடுத்தார்கள். மருத்துவர்களை அழைத்து வந்தார்கள். தையல் வகுப்பு நடத்தினார்கள். நூலில் உள்ள எண்களைவிட இந்த விதியே நம்மை முதலில் கவர்ந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

மரியன்தாலில் 478 குடும்பங்கள் இருந்தன. மக்கள் 1,486 பேர். நான்கில் மூன்று குடும்பங்கள் அரசின் உதவிப் பணத்தையே நம்பியிருந்தன. அது 14 நாட்களுக்கு ஒரு முறை கிடைக்கும். ஒரு காலம் வரைதான் கிடைக்கும். பிறகு குறையும், அதன் பின் நின்றுவிடும். அதற்கும் ஒரு நிபந்தனை. வேறு எவ்வழியிலும் ஒரு காசு சம்பாதிக்கக் கூடாது. வாயால் ஊதும் ஆர்மோனிகாவை வாசித்துச் சில காசு பெற்றவர் உதவியை இழந்தார். மரம் வெட்ட உதவிச் சிறிது விறகு பெற்றவரும் இழந்தார். பால் ஊற்றப் போய்த் தன் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பால் வாங்கி வந்த தாயும் இழந்தாள். சோம்பேறித்தனம் என்று ஊரார் பேசுவதில் பாதி இப்படிப்பட்ட சட்டங்கள் உண்டாக்குவது என்பது நம் கருத்து. அண்டை வீட்டார்மேல் அதிகாரிகளுக்குப் புகார் எழுதுவது மும்மடங்கு பெருகியது. அவற்றுள் பல பொய்ப் புகார்கள்.

அதே ஆண்டுகளில் நம் மண்ணில் நடந்ததையும் இங்கே நினைத்துக்கொள்வோம். ரப்பர் விலை விழுந்தது. 1930-இல் தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அடுத்து வந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் மலாயாவிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இங்கே எஞ்சியவர்களின் கூலி ஏறக்குறைய பாதியாயிற்று. மரியன்தால் தொழிலாளிக்கு வேலை போயும் வீடு இருந்தது. சிறிது பணமும் இருந்தது. நம்மவருக்கு வேலை போனால் லயத்து வீடும் போயிற்று. ஆனால் நாகப்பட்டினத்தில் இறங்கிய அந்தக் குடும்பங்களின் ஒரு நாளை, அவர்கள் எழுந்தது முதல் படுத்தது வரை, இப்படி உட்கார்ந்து எழுதி வைத்தவர் எவரையும் நாம் அறியோம். அதனால்தான் ஓர் ஆஸ்திரியச் சிற்றூரின் ஏட்டைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

ஆசிரியர் என்ற முறையில் நம் கண் முதலில் போவது பள்ளிக்கூடத்தின் மேல். உதவிப் பணம் வருவதற்கு முந்தின நாள், பிள்ளைகள் கொண்டு வந்த உணவை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். பாதிப் பிள்ளைகளிடம் வெறும் ரொட்டிதான் இருந்தது. சிலரிடம் அதுவும் இல்லை. பணம் வந்த மறுநாள் அப்படி இருந்தவர்கள் மிகச் சிலரே. ஏன் பணத்தைப் பங்கிட்டு வைக்கவில்லை என்று கேட்பது எளிது. 14 நாளும் அரை வயிறாக இருப்பதைவிட, இரண்டு நாளாவது பிள்ளை வயிறாரத் தின்னட்டும் என்று நினைக்கும் தாயை நாம் பார்த்திருக்கிறோம்.

கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு என்ன பரிசு வேண்டும் என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். பக்கத்து ஊர்களின் பிள்ளைகள் கேட்ட பொருள்களின் விலை சராசரி 36 ஷில்லிங். மரியன்தால் பிள்ளைகள் கேட்டவை 12 ஷில்லிங். மூன்றில் ஒரு பங்கு! அந்தச் சிறு ஆசையையும் அவர்கள் நேராக எழுதவில்லை. பெற்றோருக்கு வேலை இருந்திருந்தால் இதைக் கேட்டிருப்பேன் என்ற போக்கில் எழுதியிருந்தார்கள். கட்டுரை திருத்தும்போது நாம் எழுத்துப் பிழையையும் சந்திப் பிழையையும் தேடுகிறோம். ‘இருந்திருந்தால்’ என்ற ஒரு வினைச்சொல்லுக்குள் ஒரு வீட்டின் நிலை முழுவதும் அடங்கியிருக்கக் கூடும்.

இனி, பெரியவர்களைப் பார்ப்போம். வேலை இல்லை, ஆகவே நேரம் நிறைய இருக்கிறது. படிக்கலாமே! ஊரில் தொழிலாளர் நூலகம் இருந்தது. கட்டணத்தையும் நீக்கிவிட்டார்கள். ஆனால் 1929-க்கும் 1931-க்கும் இடையில் இரவல் போன நூல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. செய்தித்தாள் வாங்குவதும் குறைந்தது. ஆலைக்குரிய அழகிய பூங்கா ஒன்று இருந்தது. முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் அதில் உலாவுவார்கள். இப்போது பாதைகளில் களை மண்டியது, புல்வெளி காடாயிற்று. வேலையில்லாத நூற்றுக்கணக்கான கைகள் ஊரில் இருந்தும், ஒரு கையும் களை பிடுங்க நீளவில்லை.

தெருவோரத்தில் மறைவாக நின்று, கையில் கடிகாரத்தோடு, மக்கள் நடக்கும் வேகத்தையும் அளந்தார்கள். சுமார் 300 மீட்டர் தூரம். ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதற்குள் குறைந்தது இரண்டு முறை நின்றுவிட்டார்கள். நிற்காமல் நடந்தவர் பத்தில் ஒருவரே. பெண்கள் ஆண்களைப் போல ஒன்றரை மடங்கு வேகமாக நடந்தார்கள். காரணம் வெளிப்படை. பெண்ணுக்கு அடுப்பு இருந்தது. துணி துவைப்பு இருந்தது. கிழிந்ததைத் தைக்கும் வேலை இருந்தது. ஆணுக்கு எங்கும் போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லை. நேற்று என்ன செய்தீர்கள் என்று மணிக்கணக்காக எழுதச் சொன்னபோது, ஆண்கள் எழுந்ததையும் சாப்பிட்டதையும் படுத்ததையும் எழுதினார்கள். இடையில் இருந்த நேரம் எங்கே போயிற்று என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை. காலையில் பெரட்டுக்கு நிற்பதை நம் மக்கள் எத்தனை வெறுத்தார்கள் என்பது தெரியும். அந்தப் பெரட்டு இல்லாமற் போனால் காலை என்பதே இல்லாமற் போகும் என்பதை மரியன்தால் காட்டுகிறது. வீட்டிலேயே ஓயாமல் உழைத்த பெண்களும் மீண்டும் ஆலைக்குப் போகவே விரும்பினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

எல்லோரும் ஒரே மாதிரி தளர்ந்துவிடவில்லை. ஆய்வாளர்கள் குடும்பங்களை நான்கு வகையாகப் பார்த்தனர். சிலர் உடையாமல் நின்றனர், வேலை தேடினர், பிள்ளைகளுக்காகத் திட்டம் போட்டனர். பெரும்பாலோர் ஆசைகளைச் சுருக்கிக்கொண்டு, வீட்டையும் பிள்ளைகளையும் ஒழுங்காக வைத்துக்கொண்டு, எதிர்காலத்தை எண்ணாமல் வாழ்ந்தனர். சிலர் மனம் கசந்து நம்பிக்கை இழந்தனர். எஞ்சியோர் வீட்டையும் கவனிக்காமல் கைவிட்டுவிட்டனர். தோட்டத் துண்டுகளில் காய்கறி போட்டவர்கள், முயல் வளர்த்தவர்கள், மிதியடி தேயும் என்று பிள்ளையின் பந்தாட்டத்தை நிறுத்திய தந்தையர் எல்லாரும் இந்த வகைகளுக்குள் வருகிறார்கள்.

இங்கேதான் நூலின் உயிர்நிலை இருக்கிறது. உடையாதவர் மனவுறுதி உள்ளவர், உடைந்தவர் கோழை என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடுவோம். ஆய்வாளர்களோ வருமானத்தைக் கணக்கிட்டார்கள். வளர்ந்தவர் ஒருவருக்கு மாதம் என்ற அளவில், உடையாதவர் வீட்டில் 34 ஷில்லிங். அடங்கிப் போனவர் வீட்டில் 30. நம்பிக்கை இழந்தவர் வீட்டில் 25. கைவிட்டவர் வீட்டில் 19. நிமிர்ந்து நின்ற வீட்டுக்கும் விழுந்துவிட்ட வீட்டுக்கும் இடையே இருந்தது 15 ஷில்லிங்! உதவிப் பணம் ஒரு படி குறையும்போது குடும்பமும் ஒரு படி சரிந்தது. மன ஊக்கம் வேண்டும் என்று மேடையில் பேசுகிறோம், பேசலாம். ஆனால் அந்த ஊக்கத்துக்கும் உலையில் அரிசி வேண்டும் என்று இந்த நான்கு எண்களும் கூறுகின்றன.

நூல் 1933-இல் ஜெர்மனியில் வெளிவந்தது. அது ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டு. ஆசிரியர்கள் யூதர்கள், ஆகவே அவர்கள் பெயர் அட்டையில் இடம்பெறவில்லை. மூவரும் பின்னர் நாட்டைவிட்டு வெளியேறினர். ஆஸ்திரியாவில் சிறைவாசம் செய்த மரீ யாகோடா, 1937-இல் இங்கிலாந்து சென்றார். 2001-இல் மறையும் வரை அவர் இந்தக் கேள்வியை விடவில்லை. வேலை கூலியை மட்டும் தருவதில்லை; நாளுக்கு ஒழுங்கையும், வீட்டுக்கு வெளியே மனித உறவையும், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்யும் நோக்கத்தையும், ஊரில் ஓர் இடத்தையும் தருகிறது என்பது அவர் கண்ட முடிவு.

மரியன்தால் இன்றும் இருக்கிறது. 2011-இல் அங்கே இந்த வரலாற்றுக்கு ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். 2020 அக்டோபரில் அதே கிராமட்நாய்சீடலில் ஆஸ்திரிய வேலைவாய்ப்புத் துறை புதிய சோதனை ஒன்றைத் தொடங்கியது. நெடுநாள் வேலையற்றிருந்த ஊரார் அனைவருக்கும், விரும்பினால், கூலியோடு வேலை உண்டு என்று அறிவித்தது. 2024 வரை அது நடந்தது. இம்முறையும் ஆய்வாளர்கள் வந்தார்கள். வேலை பெற்றவர்களின் வருமானத்தை அளந்ததோடு, அவர்களுடைய நாளில் ஒழுங்கு இருக்கிறதா என்றும் கேட்டார்கள். இரண்டும் உயர்ந்திருந்தன.