விடுதலைத் தீர்ப்பும் வரிக் கடனும்

குற்ற வழக்கில் ஐயத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே உரியது என்பதை நாம் அறிவோம். நியாயமான ஐயத்துக்கு இடமில்லாதபடி குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுப்போரைச் சார்ந்தது. ஆனால், இந்த ஐயம் வரி வழக்கில் ஒருவரை எவ்வளவு தூரம் காப்பாற்றும்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு வங்கித் தலைவர்மீது எழுந்த வழக்கு இவ்வினாவுக்கு விடை தந்தது.

நியூயோர்க் நகரத்து நஷனல் சிற்றி வங்கியின் தலைவராயிருந்தவர் சாள்ஸ் மிற்செல். 1929ஆம் ஆண்டின் இறுதியில் பங்குச் சந்தை சரிந்த பின்னர், அவர் தமது வங்கியின் 18,300 பங்குகளைப் பங்கொன்று 212 டொலர் வீதம் விற்றார். வாங்கியவர் வேறு யாருமல்லர், அவருடைய மனைவியாரே. இவ்விற்பனையால் இருபத்தெட்டு இலட்சம் டொலருக்கு மேல் நட்டமென்று கணக்குக் காட்டி, அவ்வாண்டுக்கு வருமான வரி செலுத்தாது விட்டார். 1932இல் அப்பங்குகள் அதே விலைக்கு அவரிடமே திரும்பி வந்தன. முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போய் மீண்ட பொருளை விற்ற பொருளென்று கொள்ளலாமோ?

1933 பெப்ருவரியில் செனற் சபைக் குழுவின் விசாரணையில் இது வெளிப்பட்டது. வரியை எண்ணியே விற்றதாக மிற்செல் மறைக்காது ஒப்புக்கொண்டார். வேலையும் சேமிப்பும் இழந்து தவித்த மக்கள் கொதித்தெழுந்தனர். அவர் பதவி துறந்தார். வரி ஏய்ப்புக் குற்றத்துக்காகக் கூண்டிலும் ஏற்றப்பட்டார். அவருக்காக வாதாடியவர் புகழ்பெற்ற வழக்கறிஞர் மக்ஸ் ஸ்ரூவர். நாடே தண்டனையை எதிர்பார்த்திருக்க, அவ்வாண்டு யூன் 22ஆந் தேதி யூரர்கள் அவர் குற்றவாளியல்லர் என்றனர். ஊர்ச் சினத்துக்கு அஞ்சாது ஐயத்தின் பலனை அளித்த அந்த யூரர்களை நான் குறை கூற மாட்டேன்.

ஆனால், வரி ஆணையாளர் விடவில்லை. குறைவரி 728,709 டொலரும், மோசடிக்காக அதன் பாதியான 364,354 டொலரும் செலுத்துமாறு கேட்டார். வரி மேன்முறையீட்டுச் சபை ஆணையாளர் பக்கம் நின்றது. மேன்முறையீட்டு நீதிமன்றமோ குறைவரியை ஏற்று, மேலதிகத் தொகையைத் தள்ளிவிட்டது. விடுதலை பெற்றவரை மீண்டும் தண்டித்தல் ஆகாது என்பது அதன் கருத்து. அதற்குப் பழைய ஆதாரமும் இருந்தது: 1886இல் கோபி என்னும் வடிசாலைக்காரரின் வழக்கில், குற்ற வழக்கில் விடுதலையானவரின் பொருளை அதே செயலுக்காகப் பறிமுதல் செய்தலாகாதென்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது.

1938 மார்ச் 7ஆந் தேதி வெளியான உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நீதியரசர் பிராண்டைஸ் எழுதினார். விடுதலையென்பது, ஐயம் முழுவதையும் அகற்றச் சான்று போதவில்லை என்பதை மட்டுமே காட்டும். மோசடி நிகழவில்லையென்று அது நிலைநாட்டாது. குற்ற வழக்குக்கு வேண்டிய சான்றின் அளவு வேறு, குடியியல் வழக்குக்கு வேண்டியது வேறு. ஆகவே, முன்னைய தீர்ப்பு பின்னைய கோரிக்கைக்குத் தடையாகாது. மேலதிகத் தொகையும் தண்டனையன்று. மோசடியைத் துருவி ஆராய அரசுக்கு நேரும் பெருஞ் செலவை ஈடுசெய்வதே என்றார்.

முதற் பகுதி மறுக்க முடியாதது. இரண்டாவதை என்னால் அவ்வளவு எளிதில் ஒப்ப முடியவில்லை. வரியிற் பாதியளவு கேட்டுவிட்டு அதைத் தண்டமன்று என்றால், கொடுப்பவனுக்கு அவ்வேறுபாடு விளங்குமா? எனினும், அத்தீர்ப்பின் வழியே அந்நாட்டுச் சட்டம் வளர்ந்தது. மோசடிக்கான மேலதிகத் தொகை 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் நூற்றுக்கு 75 ஆக உயர்த்தப்பட்டது. அதை வாங்க, தெளிவும் உறுதியும் வாய்ந்த சான்றை ஆணையாளர் காட்டவேண்டும். நியாயமான ஐயம் முழுவதையும் அகற்ற வேண்டியதில்லை.

மிற்செல் சிறை செல்லவில்லை. 1935 முதல் பிளைத் என்னும் முதலீட்டு நிறுவனத்துக்குத் தலைமை தாங்கி, 1955இல் காலமானார்.