கேரன் கோயெலோவின் சென்னை வீட்டுவசதி ஆய்வுகள்

கேரன் கோயெலோ சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய மானிடவியலாளர். சென்னையின் குடிநீர் நிர்வாகம், நீர்வழிகள், குடிசைப்பகுதி மக்களின் மறுகுடியமர்வு ஆகியவை அவருடைய முதன்மை ஆய்வுக் களங்கள். நகரத்து நிலத்தில் யார் தங்கலாம், யார் விளிம்புக்குப் போக வேண்டும் என்பதை முடிவுசெய்யும் அரசியலே இவற்றை இணைக்கும் சரடு.

பின்புலம்

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் குடிசைப்பகுதிகளை முறைப்படி அறிவிக்கவும், இருந்த இடத்திலேயே மேம்படுத்தவும், அடுக்குமாடிகளாக மாற்றிக் கட்டவும் வழிசெய்தது. சென்னையில் 1971இல் 1,202 பகுதிகளும் 1985இல் 17 பகுதிகளும் அறிவிக்கப்பட்டன. அதன்பின் பல்லாண்டுகள் அறிவிப்பு ஏதும் வரவில்லை. இதனால் புறம்போக்கில் பின்னாளில் உருவான குடியிருப்புகள் சட்டப் பாதுகாப்பின்றி, ஆக்கிரமிப்பு என்றே கருதப்பட்டன.

1977இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டம், மனையும் அடிப்படை வசதிகளும் தந்து வீட்டை மக்களே கட்டிக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. 2000க்குப் பின் வாரியத்தின் போக்கு மாறியது. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய பெருங்குடியிருப்புகள் எழுந்தன. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. 2021இல் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றப்பட்டது.

நீர்வழிகளும் வெளியேற்றமும்

நித்யா ராமனுடன் சேர்ந்து எழுதி, 2010இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் கோயெலோ வெளியிட்ட கட்டுரை, கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் நடந்த வெளியேற்றங்களை ஆராய்கிறது. நீர்வழிகளை மீட்பதாகச் சொல்லிக் குடிசைகள் அகற்றப்பட்டன. அதே நகரத்தில் பறக்கும் ரயில் பாதையின் தூண்கள் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் அதனுள்ளும் எழுப்பப்பட்டன. நீர்நிலைகளின் சீர்கேட்டுக்கு அரசும் பெருங்கட்டுமானங்களும் காரணமாயிருக்க, பழி ஏழைகள்மேல் சுமத்தப்படுகிறது என்பது கட்டுரையின் மைய வாதம்.

உழைப்பும் வருமானமும்

டி. வெங்கட், ஆர். சந்திரிகா ஆகியோருடன் 2012இல் அதே இதழில் வெளியிட்ட கட்டுரை, கண்ணகி நகர் மக்களின் வேலைவாய்ப்பைப் பற்றியது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் அருகிலேயே இருந்தும் இம்மக்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் துப்புரவு, காவல், கட்டட வேலை போன்ற ஒப்பந்தக் கூலி வேலைகள். நகரின் உட்பகுதியில் வீட்டு வேலை செய்துவந்த பெண்களுக்குப் பேருந்துச் செலவும் பயண நேரமும் சுமையாயின. குடியிருப்பின் பெயருக்கு ஏற்பட்ட இழுக்கும் வேலை கிடைப்பதைத் தடுத்தது. கூரை மாறினாலும் வறுமை வேறோரிடத்தில் மீண்டும் உருவாவதை இந்த ஆய்வு காட்டுகிறது.

முடிவெடுக்கும் உரிமை

லலிதா காமத், எம். விஜயபாஸ்கர் ஆகியோருடன் அவர் பதிப்பித்த ‘பார்ட்டிசிபோலிஸ்’ (2013), நகர ஆட்சியில் மக்கள் பங்கேற்பு என்ற பெயரில் நடப்பவற்றை ஆராயும் கட்டுரைத் தொகுப்பு. சந்தைச் சார்பான சீர்திருத்தங்களோடு வந்த பங்கேற்பு ஏற்பாடுகளில் ஏழைகளின் குரலுக்கு எவ்வளவு இடமிருந்தது என்பது அந்நூலின் முக்கியமான விசாரணைகளுள் ஒன்று.

ஆய்வுகளின் பொருத்தம்

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடுத்த அப்பகுதியும் மழைக்காலத்தில் நீர் தேங்கும் தாழ்நிலமே. எனவே வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து வீட்டுவசதித் திட்டத்தை மதிப்பிட முடியாது. இருப்பிடம், வேலை, பள்ளி, பாதுகாப்பு ஆகியவையும் வீட்டின் பகுதிகளே. மறுகுடியமர்வைப் பற்றிய தமிழ்நாட்டு விவாதத்துக்கு இவ்வாய்வுகள் தந்துள்ள அளவுகோல் இதுவே.